அசோசியேஷனா, பராமரிப்பு கம்பெனியா? எங்களுக்கு முடிவு சொன்னது தண்ணீர் லாரி

சென்னை மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள். முதல் மூன்று வருஷம் ஒரு பராமரிப்பு கம்பெனி பார்த்தது, 2024 ஜூலையிலிருந்து அசோசியேஷனே நேரடியாகப் பார்க்கிறது. இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டேன், நான் அசோசியேஷன் பக்கம்தான்.

முதலில் ஒன்று. இரண்டும் சமமான ஆட்கள் இல்லை. அசோசியேஷன் என்பது வீட்டுக்காரர்களான நாமேதான். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் பொது இடங்களின் பொறுப்பை அதன் கையில்தான் கொடுக்கிறது. கம்பெனி நாம் காசு கொடுத்து வேலைக்கு வைப்பது. மெயின்டனன்ஸ் எவ்வளவு, பெரிய செலவுகளுக்கென்று சேர்த்து வைக்கும் கார்பஸ் ஃபண்டை எதற்குத் தொடலாம் என்பதெல்லாம் பொதுக்குழு முடிவு. கம்பெனி வந்த ஆறே மாதத்தில் எல்லோருக்கும் இது மறந்துபோகிறது.

காவல், துப்புரவு இரண்டிலும் கம்பெனிதான் வசதி. வாட்ச்மேன் லீவு போட்டால் மாற்று ஆள் வந்துவிடுவார், பிஎஃப், ஈஎஸ்ஐ வேலையும் அவர்களுடையது. பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும், அவ்வளவுதான். லிஃப்ட்டுக்கு எப்படியும் தனி ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்.

தண்ணீரில்தான் எல்லாம் மாறியது. எங்களுக்கு மெட்ரோ வாட்டர் குழாய் இல்லை, ஏப்ரல், மே வந்தால் ஒரு நாளைக்கு மூன்று லாரி, ஒவ்வொன்றும் 12,000 லிட்டர் என்று பில். எங்கள் சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி, நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், அப்படியானால் ஒரு லாரி கொட்டினால் சரியாக ஒரு மீட்டர் ஏறவேண்டும். ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு, இரண்டாம் மாடி மாமா டேப்பைப் பிடிக்க நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏறியது 85 சென்டிமீட்டர். லாரிக்கு 1,800 லிட்டர் குறைவு, மாதம் 90 லாரி என்றால் பதிமூன்று லாரித் தண்ணீருக்கு மேல் வராமலேயே காசு போயிருக்கிறது! கம்பெனி திருடியது என்று சொல்லவில்லை. சூப்பர்வைசர் வருஷத்துக்கு ஒருவர் மாறுவார், வருகிறவர் லாரியை எண்ணிக் கையெழுத்துப் போடுவார், அளக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை. காசு நம்முடையது, அதனால் நாம்தான் அளக்கவேண்டியிருக்கிறது.

இப்போது சம்ப் சுவரில் பெயின்ட்டால் கோடு போட்டிருக்கிறோம். கொட்டுவதற்கு முன்னும் பின்னும் போட்டோ, அப்புறம்தான் கையெழுத்து. லாரிக்காரரையும் மாற்றினோம்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கம்பெனி ஆட்கள் இரண்டு நாள் இங்கேயே தங்கி பார்க்கிங் தண்ணீரை இறைத்தார்கள். நிர்வாகம் எங்கள் கைக்கு வந்த பிறகு அப்படி ஒரு மழை இன்னும் வரவில்லை, வந்தால் அதே வேகத்தில் செய்வோமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். எங்கள் செயலாளர் ரிட்டயர் ஆனவர், அவருக்கு நேரம் இருக்கிறது. ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) ஐந்நூறு வீடு, நீச்சல்குளம், பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று இருப்பவர்கள் ஆட்களுக்குக் கம்பெனியை வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் கணக்கையும் தண்ணீர் பில்லையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாறுவதாக இருந்தால், கடைசி பில்லை செட்டில் செய்வதற்கு முன்பே பம்ப் ரூம் சாவி, லிஃப்ட் ஏஎம்சி காகிதங்கள், வீடுவாரியான பாக்கிக் கணக்கு எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பாக்கிக் கணக்கு எங்களுக்குக் கிடைக்க நான்கு மாதம் ஆனது.