ஹாலுக்குள் ஓர் உப்பளம்: கொளத்தூர் ‘ரீஃப் பேக்கேஜ்’ வாங்கி 47 நாள்

“ஏட்டி, உப்பையா விலைக்கு வாங்குன?” என்று அப்பா போனில் சிரித்த சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. தூத்துக்குடியில் உப்பளக் கணக்குப்பிள்ளையாக முப்பத்தோரு வருஷம் இருந்தவர். அவர் பெற்ற மகள் சென்னை வில்லிவாக்கத்தில் நாலு கிலோ உப்புக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்திருக்கிறாள். சிரிக்காமல் என்ன செய்வார்.

உப்பு தனியாக வாங்கியதல்ல. கொளத்தூரில் ஒரு மீன் கடையில் ‘பிகினர் ரீஃப் டேங்க், ஒரே வாரத்தில் மீன் விடலாம்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ரீஃப் டேங்க் என்றால் கடல் மீனும் பவழமும் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி. அந்த பேக்கேஜோடு வந்த உப்பு அது. மொத்தம் 18,500 ரூபாய். 24 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரத்தில் கண்ணாடித் தொட்டி, எல்இடி விளக்கு, தண்ணீரைச் சுழற்றிவிட இரண்டு வேவ் மேக்கர், அழுக்கை நுரையாக்கி வெளியேற்ற பின்பக்கம் மாட்டுகிற ஸ்கிம்மர், பத்து கிலோ உலர்ந்த செயற்கைப் பாறை, பத்து கிலோ அரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணல், உப்பு, உப்பின் அளவு பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர், ஒரு பாட்டில் பாக்டீரியா, வீட்டுக்கு வந்து மாட்டித் தரும் கூலி எல்லாம் அதில் அடக்கம். கொளத்தூரில் தங்கமீனும் கப்பியும் விற்கிற கடைகள் தெருத் தெருவாக உண்டு. கடல் மீன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் பேரம் பெரிதாகப் படியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி அருமை. எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி, சிலிகான் ஒட்டு ஒரு இடத்தில்கூடப் பிதுங்கவில்லை. அதைவிட, மாட்ட வந்த தம்பி. இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரித்தான், செல்போனை வைத்துத் தரைமட்டம் பார்த்தான், குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுக்கக் கசிவு பார்க்காமல் உப்புத் தண்ணீர் கலக்கக் கூடாது என்று அடம்பிடித்தான். எல்லா ஒயரையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டான். தண்ணீர் ஒயர் வழியாக ஒழுகினால் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடுமாம். கடை முதலாளி ஒரு மணி நேரம் பேசியதில் இவ்வளவு விஷயம் இல்லை. ஆனாலும் அவன்கூட முக்கியமானதைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அவருக்கு இந்தத் தொட்டியில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றுகூடத் தெரியாது.

இனி குறைகள். பெரிய குறை அந்தப் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்.

பவழம் வாழ்கிற கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஒப்படர்த்தியாக, அதாவது நல்ல தண்ணீரை 1 என்று வைத்துச் சொன்னால் 1.025, 1.026. ஹைட்ரோமீட்டருக்குள் ஒரு சின்ன முள் மிதந்து எழும், அது எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. என்னுடையது அழகாக 1.025-இல் நின்றது. நானும் நிம்மதியாக இருந்தேன். நாலாவது நாள் கண் பரிசோதனைக்காக அப்பா சென்னை வந்தார். பெட்டியில் வேட்டிக்குள் சுருட்டி எதையோ கொண்டுவந்திருந்தார். பார்த்தால் உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்க்கிற கண்ணாடிக் குழல், பாமே மானி. சில்வர் செம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு அதைச் செங்குத்தாக இறக்கினார்.

“இரண்டரைகூடத் தாண்டலையே. இது கடலாட்டி? நம்ம கடத்தண்ணி மூணுக்கு மேல நிக்கும்.”

“சூட்டுல கொறச்சுக் காட்டும்லப்பா?”

“அதெல்லாம் சேத்துத்தான் சொல்லுதேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் 2,400 ரூபாய்க்கு, ஒளி வளைவதை வைத்து உப்பைச் சொல்கிற ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். கனிமம் நீக்கிய தண்ணீரில் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டுப் பார்த்தால், 35 கிராம் இருக்கவேண்டிய இடத்தில் 27. அப்பா சொன்னதுதான் சரி. ஹைட்ரோமீட்டரின் முள்ளில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடுகின்றன, உப்பு குறைவாக இருந்தாலும் சரியாக இருப்பதுபோலக் காட்டும். தட்டித் தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு எண். வாளியில் இன்னும் அறுநூறு கிராம் போலக் கரைத்து, இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 35-க்குக் கொண்டுவந்தேன். கடையில் கேட்டால், “எல்லாருக்கும் அதேதான் குடுக்குறோம், யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல மேடம்” என்கிறார்கள். எப்படிப் பண்ணுவார்கள்? எல்லார் அப்பாவும் பாமே மானியோடு ரயில் ஏறுவதில்லையே.

தூத்துக்குடி உப்பையே போட்டால் என்ன என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அப்பா மட்டும் கேட்கவில்லை. உப்பளத்தில் தண்ணீர் பாத்தி பாத்தியாக ஏறும்போதே கால்சியம் ஜிப்சமாகப் படிந்துவிடும். பாமே மானியில் இருபத்தைந்து டிகிரி வந்ததும் உப்பு விளையும். முப்பதை எட்டுவதற்குள், மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். மெக்னீசியம் அதோடு போய்விடும். கையில் நிற்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பவழத்துக்கு வேண்டியதோ லிட்டருக்கு நானூறு மில்லிகிராமை ஒட்டிக் கால்சியமும், ஆயிரத்து முந்நூறை ஒட்டி மெக்னீசியமும். நாம் கழித்துக் கட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்து வெளிநாட்டுக்காரன் வாளியில் அடைத்து விற்கிறான். பேக்கேஜில் வந்த உப்பில் எனக்குக் குறையில்லை. ஒரு ராத்திரி சுழலவிட்டால் அடியில் மண்டியே இல்லாமல் தெளிந்துவிடுகிறது.

‘ஒரே வாரத்தில் மீன்’ என்பது சுத்தப் பொய். அதற்கென்று கொடுத்த பாக்டீரியா பாட்டில் கடையில் வெயில் விழுகிற அலமாரியில் நின்றது. தேதி ஸ்டிக்கர் அழிந்திருந்தது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சின தீனியிலிருந்தும் வருகிற அம்மோனியா விஷம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகுகிற வரை தொட்டி வெறும் உப்புத் தண்ணீர்தான். சைக்கிள் ஓடவேண்டும் என்று இந்தப் பொழுதுபோக்கில் சொல்வது இதைத்தான். முதலாளி சொன்ன வழி: “ரெண்டு டாம்சல் விடுங்க மேடம், கெட்டி மீன், செத்தாலும் நூறு ரூவாதான்.” அந்த நூறு ரூபாயை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன்.

மீனை விடாமலே பாக்டீரியாவுக்கு அம்மோனியா கொடுக்க, நான் பாரிமுனைப் பக்கம் லேப் கெமிக்கல் கடையில் அம்மோனியம் குளோரைடு வாங்கினேன். நம் வீடுகளில் ஈயம் பூச வருகிறவர் பித்தளைப் பானையில் தேய்ப்பாரே, அந்த நவச்சாரம்தான். ஆனால் பூச்சுக்காரர் சரக்கில் வேறு என்ன கலந்திருக்குமோ, லேப் சரக்கே உத்தமம். என் தொட்டியில் பாறையும் மணலும் போக எழுபது லிட்டர் தண்ணீர். அரை கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் வருகிறது. நகைத் தராசில் நிறுத்தேன். பேக்கேஜில் சோதனை கிட் கிடையாது, அது தனியாக 4,200. கிட் இல்லாமல் இந்தத் தொட்டியை விற்பது, மீட்டர் இல்லாத ஆட்டோவில் ஏற்றிவிடுவது மாதிரி.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்த கணக்கு இது. முதல் எட்டு நாள் அம்மோனியா அசையவே இல்லை, பாட்டில் பாக்டீரியா என்ன செய்துகொண்டிருந்ததோ. ஒன்பதாம் நாள் அம்மோனியா சோதனைக் குழாயில் பச்சை கொஞ்சம் வெளிறி, நைட்ரைட் குழாயில் முதன்முதலாக ஊதா தட்டியது. பதினாறாம் நாள் அம்மோனியா பூஜ்யம், மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். ஆனால் நைட்ரைட், கிட்டின் நிற அட்டையில் உள்ள கடைசி நிறத்தையும் தாண்டி நின்றது. அதற்குப்பிறகு பதினைந்து நாள் அது இறங்கவில்லை. தினமும் காலையில் காபிக்கு முன்னால் ஐந்து சொட்டு, ஐந்து நிமிஷம், அதே ஊதா. இந்த நாட்களில் நைட்ரேட் சோதனை செய்து பயந்துவிடாதீர்கள். நைட்ரைட் நிறைய இருந்தால் நைட்ரேட் குழாயும் பொய்யாகச் சிவந்துவிடும். முப்பத்தோராம் நாள் காலை நைட்ரைட் குழாய் வானநீலமாக இருந்தது, அதாவது பூஜ்யம். நம்பாமல் இன்னொரு முறை செய்தேன். நீலம்தான். மறுபடி அரை கிராம் நவச்சாரம் போட்டுப் பார்த்தேன். இருபத்துநாலு மணி நேரத்தில் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. பாதித் தண்ணீரை மாற்றினேன்.

நடுவில் மணல் முழுக்கக் காப்பிப்பொடி தூவின மாதிரி பழுப்புப் படலம் வந்தது. டயாட்டம் என்கிற நுண்பாசி. புதுத் தொட்டிக்கு வருவதுதான், தானே போனது.

வெயிலைப் பற்றிக் கடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏப்ரலில் எங்கள் ஹால் 32 டிகிரி, விளக்கும் பம்ப்பும் சேர்ந்து தொட்டியும் அதையே தொட்டது. பாக்டீரியாவுக்கு அது பரவாயில்லை. பவழத்துக்கு இருபத்தாறு, இருபத்தேழு வேண்டும். தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லரின் விலை, பேக்கேஜ் விலையையே தாண்டுகிறது. இப்போதைக்கு விளிம்பில் ஒரு கிளிப் ஃபேன். இரண்டரை டிகிரி குறைகிறது. பதிலுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது. தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அப்பா ஃபேனையும் தண்ணீர் மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பாத்தி கெட்டியிருக்க” என்றார். அதனால் தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை மட்டும் மட்டக்கோடு வரை ஊற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் ஆயிரத்துக்கு மேல், அதை ஊற்றினால் கதை முடிந்தது.

எழுதவா வேண்டாமா என்று யோசித்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டாவது முறை கடைக்குப் போனபோது, பின்பக்கம் கூட்டிப்போய் ஈரச் சாக்கைத் தூக்கி, “ஒரிஜினல் லைவ் ராக் மேடம், ராமேஸ்வரம் பக்கம். இதப் போட்டா சைக்கிளே வேணாம்” என்றார்கள். லைவ் ராக் என்றால் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கிற கடல் பாறை. சாக்குக்குள் இருந்தது பவழக் கல். பாறை கட்டுகிற பவழங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணையில். எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்கா என்று அறிவித்த இருபத்தோரு தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. பவழக் கல்லை வெட்டி எடுத்ததை அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கு என்று அந்தக் கல் குவிந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். சாக்கை மூடச் சொல்லிவிட்டு வந்தேன். பேக்கேஜில் வந்த செயற்கைப் பாறையே பாக்டீரியாவுக்குப் போதும் என்பதற்கு என் காலண்டர் தாளே சாட்சி.

நாற்பதாம் நாள் ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது, 1,600 ரூபாய். கடலில் பிடித்ததல்ல, தொட்டியில் குஞ்சு பொரித்தது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மீனைத் தொட்டியிலேயே பெருக்கும் முறையைக் கண்டு பல வருஷமாகப் பலருக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறார்கள். ஆகவே கேட்டால் கிடைக்கும், கேட்க வேண்டும். இதே கடையில்தான் வாங்கினேன், மாட்ட வந்த தம்பியிடம். சொட்டுச் சொட்டாக என் தண்ணீரைப் பைக்குள் விட்டு ஒரு மணி நேரம் பழக்கச் சொன்னான். இம்முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

கரண்ட் போனால் காற்று விட ஒரு பேட்டரி பம்ப்பும் வாங்கியாயிற்று. மீன், கிட், ஃபேன் எல்லாம் கூட்டினால் இன்றைய தேதிக்கு 29,050 ரூபாய். தொட்டி, உப்பு, பாறை மூன்றையும் இதே கடையில் தைரியமாக வாங்கலாம். ஹைட்ரோமீட்டரையும் பாட்டிலையும் கழித்து விலை போடச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்து இறங்கி வருவார்கள். ‘ரீஃப்’ என்ற வார்த்தைக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள், என் தொட்டியில் இதுவரை ஒரு பவழமும் இல்லை. மீன் இரண்டும் ராத்திரி வேவ் மேக்கருக்குப் பின்னால் உள்ள மூலையில் ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. அப்பா ஊர் திரும்பிவிட்டார். கண்ணாடிக் குழலை இங்கேயே விட்டுப்போனவர், தினமும் எட்டு மணிக்குப் போன் செய்து முதலில் டிகிரியைத்தான் கேட்கிறார், பேத்தியை அப்புறம்.