ஸ்கேட்போர்டு 'பாதுகாப்பு செட்' வாங்கியவர்கள், ஸ்க்ரூ போடும் முன் இதைப் படியுங்கள்

போர்டின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டையான ரெயில் இரண்டு, வாலுக்கு டெயில் கார்டு ஒன்று, வீல்களைத் தாங்கும் உலோக டிரக்குக்கு கோப்பர் இரண்டு, லாப்பர் ஒன்று, ஒரு கவர் நிறைய ஸ்க்ரூ. ஆன்லைனில் 'முழுப் பாதுகாப்பு செட்' என்று விற்கிறார்கள். அட்டையில் 'யு.எச்.எம்.டபிள்யூ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது அது இல்லை. ஒரே சரக்கு பல பெயர்களில் வருவதால், கடைப் பெயரை விட்டுவிட்டு பொருளைப் பார்த்து அடையாளம் காண்பது எப்படி என்று சொல்கிறோம்.

யு.எச்.எம்.டபிள்யூ என்பது பாலிஎத்திலீனில் ஒரு வகை. தொட்டால் மெழுகுவர்த்தி போல வழவழப்பாக இருக்கும். சிமெண்ட் விளிம்பில் உரசினால் மெதுவாகத் தேயுமே தவிர உடையாது. ரெயிலுக்கு இதைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். தண்ணீரைவிட அடர்த்தி குறைவு, தண்ணீர் 1 என்றால் இது 0.93 முதல் 0.95 வரைதான். அதனால் மிதக்கும். இந்த செட்டின் ரெயிலை வாளியில் போட்டால் நேராக அடியில் போய் உட்காருகிறது. ஏ.பி.எஸ், பி.வி.சி போன்ற பிளாஸ்டிக்குகள்தான் அப்படி மூழ்கும். மிதந்துவிட்டால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது, சாதாரண பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும்கூட மிதக்கும். ஆனால் மூழ்கினால் அட்டையில் இருப்பது பொய், அதில் சந்தேகமே வேண்டாம். கொளுத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். பி.வி.சி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும்.

மாட்டிவிட்டு ஓட்டினால் என்ன ஆகிறது? போர்டின் அடிப்பக்கத்தைத் திண்டு விளிம்பில் வழுக்கவிடும் போர்டு ஸ்லைடை இரண்டு மூன்று முறை செய்வதற்குள்ளேயே ஸ்க்ரூ துளையைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. பிறகு துளையிலிருந்து ஓரம் வரை விரிசல். விரிந்த சில்லு மேலே எழும்பி நின்று திண்டு விளிம்பில் மாட்டினால் போர்டு அங்கேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் முன்னால் போய் விழுவார். வழுக்க வேண்டிய பாகமே பிடித்து நிறுத்துகிறது. துளையின் குழிவும் போதாது. ஸ்க்ரூ தலை வெளியே துருத்திக்கொண்டு சிமெண்டில் அரைபட்டு, வாய் தேய்ந்துபோகிறது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது, கழற்றவும் முடியாது.

அதைவிட மோசம் ஸ்க்ரூவின் நீளம். கவரில் வருவது 16 மி.மீ. ரெயிலில் ஸ்க்ரூ தலைக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் 4 மி.மீ.தான். மீதி 12 மி.மீ. மரத்துக்குள் இறங்கும். டெக் என்பது நாம் நிற்கும் பலகை. வழக்கமான ஏழடுக்கு மேப்பிள் டெக்கின் கனமோ ஏறக்குறைய 11 மி.மீ. முழுக்க முடுக்கியதும் மேலே ஒட்டியிருக்கும் சொரசொரப்பான கிரிப் டேப்பில் முகப்பரு போல ஒரு சின்ன மேடு எழும். விரலால் தடவினால்தான் தெரியும். நாலு நாளில் முனை டேப்பைக் கிழித்து வெளியே வந்து ஷூவின் அடியைக் குத்தும். கீழே விழுந்து கையை ஊன்றும்போது உள்ளங்கையையும் கிழிக்கும். 12 மி.மீ. ஸ்க்ரூ போட்டிருந்தால் 8 மி.மீ. இறங்கி, மேலே 3 மி.மீ. மரம் மிஞ்சியிருக்கும்.

டெயில் கார்டு பழைய தட்டையான வாலுக்கு வார்த்தது. இன்றைய டெக்கின் வளைவில் நடுவே இடைவெளி விழுகிறது. இறுக்கி உட்கார வைக்கப் போனால் விரிகிறது. உண்மையில் தெருவில் ஆலி (வாலை மிதித்து போர்டோடு குதிப்பது) அடிப்பவர்களுக்கு டெயில் கார்டு தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. எடை கூடும், வாலை அடித்ததும் போர்டு எழும்பும் 'பாப்' மந்தமாகும். வாலைத் தேய்த்து பிரேக் போடுகிறவர்களுக்கும் ராம்ப்பில் ஓட்டுகிறவர்களுக்கும்தான் அதனால் பயன்.

கோப்பர், டிரக்கில் வீல்களுக்கு நடுவே இருக்கும் குறுக்குப் பாகமான ஹேங்கர் மேல் கவ்விக்கொண்டு, கோப்பிங்கில் (ராம்ப்பின் மேல் விளிம்பு) உரசலைத் தாங்கும் உறை. அது விரிந்து கொடுத்தால்தான் உள்ளே ஏறும். இந்த செட்டில் வருவது ஏற்றும்போதே பிளக்கிறது. ஏறினாலும் அகலம் பொருந்தாமல் வீலின் உள்பக்கத்தை உரசுகிறது. வாங்கும் முன் இரண்டு வீலுக்கும் இடையே ஹேங்கரின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். டிரக்கை இறுக்கிப் பிடிக்கும் கிங்பின் போல்ட்டின் நட்டை மறைக்கும் லாப்பர் பரவாயில்லை ரகம்.

நல்ல ரெயில் கிடைத்தால் மாட்டும் முறை இது. ரெயில் நீளம் பெரும்பாலும் 14.5 அங்குலம். முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, போர்டை இரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். வீல் ரெயில் முனையைத் தொடக்கூடாது, தொட்டால் முனையை வெட்டிக் குறைக்கலாம். 2 மி.மீ. ட்ரில் பிட்டில் நுனியிலிருந்து 6 மி.மீ. தள்ளி டேப் சுற்றி, அந்த அளவோடு நிறுத்துங்கள். ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பு தடவி, கையாலேயே முடுக்குங்கள். ட்ரில் மெஷினில் முடுக்கினால் மேப்பிளில் பிடிமானம் உரிந்துபோகும். ஏற்கெனவே துளை மறுபக்கம் போய்விட்டதா? மரப்பசை தோய்த்த பல்குத்தும் குச்சியைச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, சமமாக அறுத்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் விற்பவர் சொல்வது ஒன்றுதான்: "மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆனாலும் ட்ரில் வைப்பதற்கு முன்பே வாளிச் சோதனையை வீடியோ எடுத்து, அட்டையின் படத்தோடு அனுப்பினால் வாதத்துக்கே இடமிருக்காது. அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்ற விவரம் இல்லையென்றால் அதையும் படம் பிடியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். ஆர்டர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.