தாத்தா படம் இரண்டு முறை விழுந்தது: வாடகை வீட்டுச் சுவரில் எட்டு வருட அனுபவம்

இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் கண்ணாடி உடைகிற சத்தம். பூனை என்று நினைத்து எழுந்து போனால், தாத்தா தரையில் குப்புறக் கிடக்கிறார். சந்தன மாலை ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். படத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டும் பட்டைகள் நான்கும் முதுகில் அப்படியே இருந்தன. அவற்றோடு சேர்ந்து உள்ளங்கை அளவுக்குச் சுவர்ப் பெயிண்டும் வந்திருந்தது.

சென்னை மடிப்பாக்கத்தில் 2017இல் இந்த வீட்டுக்கு வந்தோம். அட்வான்ஸ் வாங்கும்போதே ஓனர் சொல்லிவிட்டார்: "எது வேணா பண்ணுங்க தம்பி, சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க." அதனால்தான் ஒட்டும் பட்டைக்குப் போனேன். பாக்கெட்டில் போட்டிருந்த எடையைவிட என் படம் குறைவுதான். லக்கேஜ் தராசில் மாட்டிப் பார்த்தேன், கண்ணாடியோடு இரண்டு கிலோ சொச்சம். பட்டையின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பட்டை பிடிப்பது சுவரை அல்ல, மேலே இருக்கிற பெயிண்டை. அந்தப் பெயிண்டுக்குக் கீழே பட்டியும் பூச்சும் எவ்வளவு உறுதி என்று பாக்கெட்டுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் வாடகைக்கு விடுவதற்கென்றே அடித்த மலிவு டிஸ்டெம்பர். கையால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும். இப்போதெல்லாம் யார் வீட்டில் கேட்டாலும் முதலில் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறேன். மாவு வந்தால் பட்டை வேண்டாம்.

அதே பட்டை சமையலறை டைல்ஸிலும் பீரோவின் பக்கவாட்டிலும் ஆறு வருடம் அசையாமல் இருந்தது. மகள் வரைந்த படம், காலண்டர், சாவி மாட்டும் கொக்கி எல்லாம் அதில்தான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், ஒட்டியதும் பாரம் ஏற்றாமல் ஒரு மணி நேரம் விட வேண்டும், அவ்வளவுதான். எடுக்கும்போது பட்டையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைப் பிடித்துச் சுவரோடு சுவராகக் கீழே இழுக்க வேண்டும். நம் பக்கம் இழுத்தால் பெயிண்டும் கூடவே வரும்.

பெயர்ந்த இடத்தைப் பார்க்க ஓனர் வந்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆணியே அடிச்சிருக்கலாமே" என்றார்.

அடித்தேன். கடையில் கான்கிரீட் ஆணி என்று கேட்டு வாங்கி அடித்தது பாதி இறங்கி நின்றது. சுற்றிலும் பூச்சு ஒரு ரூபாய் அளவுக்குப் பெயர்ந்தது. ஆட்டம் கொடுக்கவே, எங்கள் வீட்டுப் பரம்பரை வைத்தியமான தீக்குச்சியைச் சொருகினேன். ஒரு வருடம் தாங்கியது. ஆடி மாதக் காற்றில் கதவு படாரென்று சாத்த, தாத்தா இரண்டாவது முறை விழுந்தார். செங்கல் மேல் இருக்கிற பூச்சு அரை அங்குலம்தான் இருக்கும். என் ஆணி அதைத் தாண்டிச் செங்கலில் சரியாகக் கடிக்கவே இல்லை. காலண்டருக்கு அது போதும், கண்ணாடிச் சட்டத்துக்குப் போதாது.

அப்புறம்தான் டிரில் வாங்கினேன். ஹேமர் வசதி உள்ளது, 6 மி.மீ. சுவர் பிட், ஓட்டைக்குள் சொருகி ஸ்க்ரூவைப் பிடிக்க அதே அளவு பிளாஸ்டிக் பிளக், இரண்டு அங்குல ஸ்க்ரூ. இதில் எனக்குப் பிடித்தது தூளின் நிறம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையை வாய் திறந்தபடி ஓட்டைக்குக் கீழே டேப் போட்டு ஒட்டிவிடுவேன், தூள் அதில் விழும். முதலில் சாம்பல் நிறத்தில் வரும், அது பூச்சு. திடீரென்று செங்காவி நிறமாக மாறும், செங்கல் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து இன்னும் ஒரு அங்குலமாவது உள்ளே போக வேண்டும், பிளக் முழுக்கச் செங்கலில் உட்கார வேண்டும். சாம்பலாகவே வந்து பிட்டும் முன்னேறாமல் கத்தினால் பீமோ தூணோ இருக்கிறது, இடத்தை மாற்றுவதே புத்திசாலித்தனம். தம்பியின் புது அபார்ட்மெண்டில் தூள் வெள்ளையாக வந்தது, பிட் சோப்புக் கட்டியில் போவது போல் போனது. அது ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான சிமெண்ட் கல். அங்கே சாதாரண பிளக் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும், அந்தக் கல்லுக்கென்றே விற்கிற நீளமான நைலான் பிளக் கேட்டு வாங்க வேண்டும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. உள்ளே ஒயர் ஓடும் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

ஒரு படத்துக்கு இரண்டு ஸ்க்ரூ என்பது என் கட்சி. ஒற்றை ஆணியில் கயிறு போட்டு மாட்டினால், மின்விசிறிக் காற்றுக்கே வாரத்துக்கு ஒரு முறை கோணும். கயிற்றை விறைப்பாகக் கட்டினால் பார்க்க அழகுதான், ஆனால் அது படுக்கையாகப் போகப் போகச் சட்டத்தின் இரண்டு பக்கக் கொக்கியையும் இழுக்கிற விசை கூடும். அப்படி ஒரு கொக்கி என்னிடமே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்க வேண்டியதில்லை, செல்போனே போதும்.

இனி அம்மா விஷயம். நான் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில், நின்றால் கண்ணுக்கு நேராக இருக்கும்படி மாட்டியிருந்தேன். "செத்தவங்க படத்த இப்படியா வெப்பாங்க? தெற்குச் சுவத்துல, நிலைக்கு மேல மாட்டுடா." முன்னோரைத் தென்புலத்தார் என்று திருவள்ளுவரே சொல்லியிருக்கும்போது நான் என்ன வாதாடுவது? எங்கள் தெற்குச் சுவருக்குப் பின்னால் குளியலறை. மழைக்காலத்தில் ஓதம் ஏறும். குழாய் எங்கே போகிறது என்ற பயம் வேறு. குளியலறைக்குள் போய்க் குழாய் வாய்களை அளந்து குறித்துவிட்டு, கதவு நிலைக்கு மேலே ஒதுக்குப்புறமாகப் போட்டேன். கிராமத்து வீடுகளில் போல மேல்பக்கம் முன்னால் சாய்த்துத்தான் மாட்டினேன். அந்தச் சாய்வு சும்மா இல்லை. கீழே நிற்பவருக்கு முகம் நேராகத் தெரியும், ட்யூப் லைட் கண்ணாடியில் பளிச்சிடாது, பின்னால் காற்றும் போகும்.

ஓதத்துக்கு இந்தக் காற்று அவசியம் என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றேன். முதல் மழைக்காலம் முடிந்து கழற்றிப் பார்த்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் ஓரம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிரிக்கப் போயிருந்தால் தாத்தாவின் தோள் போயிருக்கும். அப்படியே ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து, பிரதியை மவுண்ட் அட்டை வைத்துச் சட்டம் போட்டேன். படமும் கண்ணாடியும் தொடாமல் இருக்க அந்த அட்டை. சட்டத்தின் பின்மூலைகளில் நாற்காலிக் காலுக்கு ஒட்டுகிற ஃபெல்ட் வட்டங்களை ஒட்டினேன். வருடம் ஒரு முறை கழற்றித் துடைக்கும்போது பல்லி முட்டையும், ஒரு தடவை குளவிக்கூடும் கிடைத்தன. அதற்கு மேல் சேதம் இல்லை.

2025இல் வீட்டைக் காலி செய்தோம். பதினொரு ஓட்டை. பிளக்கைப் பிடுங்கி, வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைத்துத் தேய்த்தேன். (பேச்சிலராக இருந்தபோது டூத் பேஸ்ட் வைத்து அடைத்ததுண்டு, எறும்பு வந்து காட்டிக்கொடுத்தது.) ஓட்டைகள் மறைந்தன, படம் இருந்த இடங்கள்தான் மறையவில்லை. சுவர் முழுக்க மங்கியிருக்க, அங்கங்கே கட்டம் கட்டமாகப் பழைய பச்சை.

ஓனர் சுற்றிப் பார்த்தார். கதவு நிலைக்கு மேலே நான் கைவைக்கப் போனதும் தடுத்தார். "அந்த ரெண்டு ஸ்க்ரூவ விடுங்க தம்பி. முருகர் படம் ஒண்ணு இருக்கு, மாட்டிக்கறேன்."