ஸ்படிக மாலை: கல் நன்று, நூல் சுமார்

ராமேசுவரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் முடித்து வெளியே வருவோரை நம்பியே கோயிலைச் சுற்றிப் பல மாலைக் கடைகள் நடக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ரூ.1,800 கொடுத்து வாங்கிய 108 மணி மாலையைப் பற்றியது இம்மதிப்புரை. மணிகள் பட்டை தீட்டாத உருண்டைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர்.

கல்லா, கண்ணாடியா என்பதே முதல் ஐயம். ஸ்படிகத்தின் (குவார்ட்ஸ்) கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் மோ அளவில் 7 என்பதால் அது கண்ணாடியைக் கீறும். ஆயினும் ஜபம் செய்ய வாங்கும் மணியை அப்படிச் சோதிக்க மனம் வராது. சேதமில்லாத வழி ஒன்று உண்டு. மடிக்கணினியின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு குளிர்கண்ணாடியை அத்திரை கறுக்கும் வரை திருப்பி, இரண்டுக்கும் நடுவே மணியை மெல்ல உருட்ட வேண்டும். ஸ்படிகம் ஒளியை இரு கதிர்களாகப் பிரிப்பதால், ஒரு கோணத்தில் மணிக்குள் வண்ண வளையங்கள் வட்ட வட்டமாக எழும்; கண்ணாடியில் அவை எழுவதில்லை. நான் பார்த்த மணிகள் அனைத்திலும் எழுந்தன. ஆய்வகத்தில் வளர்த்த ஸ்படிகமும் இவ்வாறே காட்டும் என்றாலும், சில மணிகளில் புகை இழையாக ஓடிய மெல்லிய படலம் இது மண்ணில் விளைந்த கல் என்றே எண்ண வைக்கிறது. (தஞ்சையை அடுத்த வல்லத்தில் கிடைத்த இதே கல்லைத் தேய்த்துத்தான் ஒரு காலத்தில் மூக்குக் கண்ணாடி செய்தார்கள்.)

மாலையோடு கொடுத்த அட்டையைத்தான் ஏற்க இயலவில்லை. உடற்சூட்டை உறிஞ்சும் என்கிறது. ஸ்படிகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் கழுத்தில் பட்டவுடன் சில்லென்று இருப்பது உண்மை. சற்று நேரத்தில் மணிகளும் உடம்பின் சூட்டுக்கு வந்துவிடுகின்றன. கைக்கடிகாரத்தை இயக்கும் கல் என்பதால் உடலின் மின்னோட்டத்தையும் சீராக்குமாம்! அழுத்தினால் ஸ்படிகத்தில் மின்னூட்டம் தோன்றும் என்று 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தது மெய்தான். ஆனால் கடிகாரத்தில் இருப்பது, குறிப்பிட்ட கோணத்தில் வெட்டப்பட்டு, மின்கலத்தின் துணையோடு நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு துண்டு. நூலில் கோத்த உருண்டைக்கு அந்த வேலை கிடையாது.

அட்டையில் இருந்திருக்க வேண்டியது வேறு. செம்பருத்தியின் அருகே வைத்தால் ஸ்படிகம் சிவந்து தோன்றும். பூவை எடுத்தால் தன் தெளிவுக்குத் திரும்பும். சார்ந்ததன் வண்ணமாகும் ஆன்மாவுக்குச் சைவ சித்தாந்திகள் படிகத்தை உவமை காட்டியது இதனால்தான். கலைமகள் கையில் இருப்பதும் இம்மாலையே. வாங்க இக்காரணங்கள் போதாவா?

உண்மையான குறை நூலில் இருக்கிறது. துளையின் விளிம்புகளை மழுக்காமல் விட்டிருப்பதால் பருத்தி நூல் விரைவில் பிசிறடித்து, மாலையின் தலைமணியான மேரு மணியின் அருகே இற்றுவிட்டது. மணிக்கு மணி முடிச்சிட்டு நைலான் நூலில் கோத்துத் தரச் சொல்லி வாங்குங்கள். விலையில் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.