இந்தியாவின் முதல் டிராக்டர்கள்: ஐஷர், மாஸி ஃபெர்குசன், ஸ்வராஜ் – எது எதில் தேறியது?

1961-62இல் இந்தியா முழுவதும் தயாரான டிராக்டர்கள் வெறும் 880. வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவது சுலபம். உதிரி பாகம் இறக்க அந்நியச் செலாவணி கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே எந்த வண்டி நல்லது என்பதோடு, எந்த வண்டியை முழுவதும் இங்கேயே செய்துவிட முடியும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முந்திக்கொண்டது ஐஷர். ஜெர்மன் ஐஷரின் கூட்டுறவில் 1959 ஏப்ரலில் ஃபரீதாபாத்தில் முதல் வண்டி வெளிவந்தது. காற்றால் குளிரும் டீசல் எஞ்சின் என்பதால் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, ஹோஸ் வெடிப்பும் இல்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் இது பெரிய நிம்மதி. ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில் வைக்கோல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் காற்று புகாது. ஹெட் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கதிரடிக்கும் நாட்களில் தகடுகளைத் தினமும் துடைத்தே ஆக வேண்டும். ஒற்றை சிலிண்டர் மாடல்களில் டீசல் செலவு குறைவு, அதிர்வு அதிகம். போல்ட்டுகளை அடிக்கடி முறுக்கிப் பார்க்கணும்.

மாஸி ஃபெர்குசனை 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே செம்பியத்தில் தயாரித்தது. இதன் பலம் எஞ்சினைவிட, எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக்கில்தான். கலப்பை இறுகிய மண்ணில் மாட்டும்போது, அதன் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் தண்டான டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளும். அது பின்னாலுள்ள ஸ்பிரிங்கை அமுக்கும். வால்வு திறந்து லிஃப்ட் கலப்பையைச் சற்றே தூக்கும். கலப்பையின் பாரமும் மண் இழுக்கும் விசையும் பின்சக்கரத்தில் இறங்குவதால், எடை குறைந்த வண்டியும் வழுக்காமல் இழுக்கும். கனமான வண்டிக்கு வேண்டிய இரும்பு மிச்சம் என்பது அன்றைய பற்றாக்குறையில் சின்ன விஷயமல்ல.

அந்த ஸ்பிரிங்கில் ஆட்டம் விழுந்தால் கலப்பை ஏறி ஏறி இறங்கி, உழவு ஆழம் சீராக வராது. பலர் ஹைட்ராலிக் பம்பைக் கழற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். முதலில் டாப் லிங்க் பின்னையும் ஸ்பிரிங்கையும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். சேற்றுழவில் இந்தத் தானியங்கி ஏற்பாடு உதவாது. மண்ணின் எதிர்ப்பு குறைவு என்பதால் கருவி அளவுக்கு மீறி இறங்கிவிடும். அங்கே கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவர்தான் சரி.

இந்த இரண்டிலும் வடிவமைப்பு வெளிநாட்டுக்காரருடையது. துர்காபூரிலுள்ள மத்திய எந்திரவியல் ஆராய்ச்சி நிறுவனம் 1965இல் சொந்த வடிவமைப்பில் இறங்கியது. மத்திய அரசோ செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் உரிமத்தை எடுத்துக்கொண்டது, அரசு நிறுவனமான எச்.எம்.டி. பிஞ்சோரில் 1971இல் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. உள்நாட்டு வடிவமைப்பை எடுத்துக்கொண்டது பஞ்சாப் மாநிலம். 1970இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் உருவானது. மொஹாலியில் ஆண்டுக்கு 5,000 வண்டிகள் செய்யும் ஆலை. 1974இல் 26.5 குதிரைத்திறன் ஸ்வராஜ் 724 விற்பனைக்கு வந்தது. எஞ்சின் கிர்லோஸ்கருடையது.

ஆழ உழவுக்கு மாஸி, குறைந்த செலவுக்கு ஐஷர் என்று வாங்குபவர் தேர்ந்தால் அதில் தவறில்லை. தொழிலின் கணக்கில் என் ஓட்டு ஸ்வராஜுக்கே. வயலில் ஒரு பாகம் உடைந்தால் வரைபடத்தைத் திருத்த வெளிநாட்டு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 735, 855 என்று அடுத்தடுத்த மாடல்கள் உரிமக் கட்டணம் இல்லாமலே வெளிவந்தன.