கேரண்ட் ரிசீவர் வாங்கப் போகிறீர்களா? ஸ்டாக்கை (மரக் கட்டையை) கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

அமெரிக்காவில் எம்1 கேரண்ட் (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத் துப்பாக்கி) உதிரி பாக செட்டும் ரிசீவரும் (குழலையும் மற்ற பாகங்களையும் தாங்கும் நடு உடல்) தனித்தனியாக வாங்கிப் பூட்ட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

எனக்கு விற்றவர் உரிமம் பெற்ற வியாபாரி. "அசல் ஸ்பிரிங்ஃபீல்டு ரிசீவர், கை வைக்காதது" என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார் (ஸ்பிரிங்ஃபீல்டு என்பது அமெரிக்க அரசின் ஆயுத ஆலை). பூட்டித் தரச் சொல்லி கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்தேன். அவர் மேல் பூச்சை நீக்கியதுமே நடுவில் வெல்டிங் கோடு தெரிந்தது. இரண்டு துப்பாக்கிகளின் பாதிகளை ஒட்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள்!

ராணுவம் வேண்டாமென்று கழித்த கேரண்டுகளின் ரிசீவரை வெட்டிப் பழைய இரும்பாக விற்றது. அந்தத் துண்டுகளை வாங்கி ஒட்டி விற்றவர்கள் இருந்தார்கள். அந்தச் சரக்கு இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

போல்ட்டின் (தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் பாகம்) பூட்டுப் பற்கள் மாட்டிக்கொள்ளும் இடம் முன்பாதியில்தானே இருக்கிறது, நடுவில் வெல்டிங் இருந்தால் என்ன என்று வியாபாரி என்னிடமே வாதாடினார். இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். கேரண்டில் போல்ட் முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும் வரை ஃபைரிங் பின்னின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) வால் முன்னே போகக் கூடாது. அதைத் தடுத்து நிறுத்துவது ரிசீவரின் பின்பாதியில் உள்ள பாலம். ஒட்டும்போது நீளம் சிறிது மாறினாலும் அந்தத் தடுப்பு தவறிவிடும். பூட்டாத போல்ட்டோடு தோட்டா வெடித்தால், பொங்கும் வாயுவும் கிழிந்த பித்தளையும் சுடுபவரின் முகத்துக்குத்தான் வரும். வெல்டிங் சூட்டில் எஃகின் கடினத்தன்மை கெடுவது வேறு.

என் ரிசீவரைக் காட்டிக்கொடுத்தவை எண்கள். பின்பக்கத்தில் இருக்கும் வரிசை எண் 15 லட்சத்தை ஒட்டியது, அதாவது 1943 வாக்கில் செய்தது. வலது பக்க முன்பகுதியில் இருக்கும் வரைபட எண்ணோ (தயாரிப்பு வரைபடத்தின் எண்) 6528291. அது போருக்குப் பிந்தைய ரிசீவர்களில் வருவது. போர்க்காலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் 28291 என்றுதான் இருக்கும். ஸ்டாக் மாட்டியிருக்கும்போது இந்த இரண்டையும் ஒப்பிட யாருக்கும் தோன்றாது. உட்சுவரில் நிற வேறுபாடு, அரத்தால் ராவிய தடம், போல்ட்டைக் கையால் தள்ளும்போது நடுவில் உரசல், இவற்றையும் பாருங்கள். ஹெட்ஸ்பேஸ் கேஜ் (பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கருவி) சரியாகக் காட்டுகிறது என்று மட்டும் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். அது முன்பாதியைத்தான் அளக்கும்.

செட்டில் வந்த பேரலும் (குழல்) தேய்ந்ததுதான். அது போகட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. ரசீதை வைத்து மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். சுடுவதற்கு ஒரு கேரண்ட் போதும் என்பவர்கள், அலபாமாவின் ஆனிஸ்டனில் இயங்கும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் ப்ரோக்ராமில் (பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் அமைப்பு) விசாரியுங்கள். சோதித்துத் தரம் பிரித்தே விற்கிறார்கள்.

இப்படி ஒரு ரிசீவரைப் பூட்டி ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். கேரண்ட் தெரிந்த கன்ஸ்மித் ஒருவர் பின்பாதியின் பாலத்தைச் சோதிக்கும் வரை அதில் தோட்டா போடாதீர்கள்.