ஒன்பது வருடம் இடித்த கல்

2016இல் சிங்கப்பூர் பீச் ரோடு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் 45 வெள்ளி கொடுத்து வாங்கிய தாய்லாந்துக் கருங்கல் உரலைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. வாய் அகலம் எட்டு அங்குலம். உலக்கையோடு சேர்த்து எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நானாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. எங்கள் புளோக்கில் நான்கு வீடு தள்ளியிருக்கும் அக்கா தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அவரைச் சொல்லாமல் உரலைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்குச் சொந்த ஊர் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசானில், உடோன் தானிப் பக்கம் ஒரு கிராமம். சிங்கப்பூர்க்காரரை மணந்து வந்தவர். கீழே காப்பிக்கடையில் தாய்லாந்து உணவுக் கடை போட்டிருக்கிறார். அவர்கள் ஊரில் மூத்தவர்களைப் பெயருக்கு முன்னால் 'பீ' சேர்த்து அழைப்பார்கள். முதல் நாளே என்னையும் அப்படிக் கூப்பிடச் சொன்னார். தமிழ் வீட்டில் வளர்ந்தவன் வாயில் அது எப்படி வரும்? 'அக்கா' என்றே கூப்பிட்டேன். மலாயில் 'காக்காக்' என்று கேட்டுப் பழகியவர் என்பதால் அவரும் ஏற்றுக்கொண்டார். உண்மைக் காரணத்தைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. கேட்டுவிட்டுக் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுச் சிரித்தார்.

கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸை அறியாதவர்களுக்கு: 1973இல் கட்டி முடித்த, படிப்படியாகச் சரிந்து ஏறும் கட்டடம். 'குட்டித் தாய்லாந்து' என்பார்கள். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனால் கட்டுமான வேலைக்கு வந்த தாய்லாந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஹாட்யாய் போகும் பேருந்துகள் நிற்கும். அக்கா அங்கே போவது மளிகை வாங்க மட்டும் இல்லை என்பது முதல் தடவை கூடப் போனபோதே தெரிந்துவிட்டது. எங்களோடு ஆங்கிலமும் மலாயும் கலந்து தட்டுத் தடுமாறிப் பேசுபவர், அங்கே லாவோ வாடை அடிக்கும் தன் இசான் பேச்சில் கடகடவென்று கொட்டினார். குரலே உயர்ந்துவிட்டது.

உரல் வாங்கியது அன்றுதான். அக்கா ஒவ்வொன்றையும் உலக்கையால் லேசாகத் தட்டிக் காது கொடுத்தார். கணீரென்றால் சரி, மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல். அப்புறம் உலக்கையின் அடியை உரலின் குழிக்குள் வைத்துச் சுழற்றினார். இரண்டின் வளைவும் ஒத்துப்போக வேண்டுமாம். பளபளவென்று மெருகேற்றியதை எடுக்காதே, உள்ளே சொரசொரப்பு இருக்கட்டும் என்றார். சோன்புரிக் கடற்கரையில் ஆங் சிலா என்று கல் வேலைக்குப் பேர்போன ஊர் ஒன்று உண்டு, பெயருக்கே கல்தொட்டி என்றுதான் பொருள். என் உரலும் அங்கிருந்து வந்ததுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அடியில் முத்திரை எதுவும் இல்லை. நம்பிவிட்டேன்.

வாங்கியவுடன் பயன்படுத்த முடியாது. ஊறவைத்த பச்சரிசியைப் போட்டு இடித்தால் மாவு சாம்பல் நிறத்தில் வரும். கொட்டிக் கழுவி மறுபடி இடிக்க வேண்டும். எனக்கு ஐந்தாவது தடவைதான் மாவு வெள்ளையாக வந்தது. கடைசியில் பூண்டும் கல்லுப்பும் போட்டு ஓர் இடி. சோப்பு கூடவே கூடாது. வெந்நீர், ஒரு தேங்காய் நார், போதும்.

முதல் மாதம் நான் செய்த தவறு எல்லோரும் செய்வது. சோம் தம் என்ற பப்பாளிக்காய் சாலட்டை இந்தக் கல்லில் இடித்தேன். துவையல் ஆகிவிட்டது. சோம் தம்முக்கு ஆழமான மண் உரலும் மர உலக்கையும் வேண்டும். ஒரு கையால் மெதுவாகத் தட்டி, மறு கையில் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காய் நசுங்காமல் சாறு மட்டும் உள்ளே இறங்கும். சரியென்று மண் உரல் ஒன்றும் வாங்கினேன். 2018இல் அவசரத்தில் கல் உலக்கையை அதற்குள் போட்டு இடித்து இரண்டாகப் பிளந்தேன். குற்றம் முழுக்க என்னுடையது.

கல் உரலின் வேலை கறி மசாலா. அம்மி பழகிய கைக்கு இது வேறு கணக்கு. அம்மியில் தண்ணீர் தெளித்து இழுத்து அரைப்போம். இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நேராக இடிதான். வரிசையும் முக்கியம். வறுத்த மல்லி, சீரகம், வெள்ளை மிளகு முதலில். அவற்றைப் பொடித்து எடுத்து வைத்துவிட்டு, ஊறவைத்துப் பிழிந்த வற்றல் மிளகாயைக் கல்லுப்போடு இடிக்க வேண்டும். உப்புதான் அங்கே மணல் மாதிரி உராய்ந்து தோலை மசிக்கிறது. பிறகு பேரரத்தை, செராய் (எலுமிச்சைப் புல்), லீமாவ் புரூட் (காஃபிர் எலுமிச்சை) தோல், கொத்தமல்லி வேர். பூண்டும் சின்ன வெங்காயமும் அதற்கப்புறம், ஏனென்றால் நீர் விடும். இறால் விழுதும் எடுத்து வைத்த பொடியும் கடைசியில். கடினமானதிலிருந்து மெத்தென்றதற்கு என்று நினைவில் வைத்தால் போதும்.

நான்கு பேருக்கான மசாலாவுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. மிக்ஸியில் மூன்று நிமிடம். வித்தியாசம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, அதுவும் அடுப்பில்தான் தெரியும். மிக்ஸி ஓடத் தண்ணீர் விடுவோம். கட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியக் காய்ச்சி அதில் மசாலாவைப் போட்டால், தண்ணீர் விட்டு அரைத்தது வதங்காமல் வேகும். இடித்தது வறுபடும். மணம் தாழ்வாரம் வரை போகும். பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலில் சிலவற்றுக்கு எண்ணெய் பிரியவே பிரியாது, பிரியாமலிருக்கத்தான் அதில் பொருள் சேர்க்கிறார்கள். தேக்கா சந்தையில் துருவிய தேங்காய் வாங்கிப் பிழிவதே மேல். அங்கேயே பச்சைச் சுண்டைக்காயும் கிடைக்கும். நாம் வற்றல் போடுகிற அதே காயை அக்கா பச்சைக் கறியில் முழுசாக மிதக்க விடுவார். இதைச் சொன்னதிலிருந்து அம்மாவும் அக்காவும் ஒரே கடைக்காரரிடம் பேரம் பேசுகிறார்கள்.

2020 ஏப்ரலில்தான் இந்த உரல் என்ன செய்யும் என்று எனக்குப் புரிந்தது. சொங்க்ரான், அதாவது அவர்கள் புத்தாண்டு, நம் சங்கராந்தி என்ற சொல்லிலிருந்தே வந்த பெயர். ஏப்ரல் 13இல் தொடங்கும். மறுநாள் நமக்குச் சித்திரை ஒன்று. அந்த வருடம் ஊருக்குப் போக அக்கா டிக்கெட் எடுத்திருந்தார். கொவிட் பரவலால் தாய்லாந்து மார்ச்சிலேயே சொங்க்ரான் விடுமுறையைத் தள்ளிவைத்தது, ஏப்ரல் தொடக்கத்தில் வெளிநாட்டு விமானங்களையும் நிறுத்தியது. இங்கே 7ஆம் தேதி நோய்ப் பரவலை முறியடிக்கும் அதிரடித் திட்டம் தொடங்கி, பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகக்கூடாது என்றானது.

13ஆம் தேதி காலை தாழ்வாரத்தில் உலக்கைச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, தரையில் உட்கார்ந்து இடித்துக்கொண்டிருந்தார். மீன் சாஸ் பாட்டிலில் சாய்த்துவைத்த கைபேசியில், லைன் செயலி அழைப்பில், அவர் அம்மா. அந்தம்மா திரையைப் பார்க்கவே இல்லை, வெற்றிலை மடித்துக்கொண்டே நடுநடுவே ஏதோ சொன்னார். அக்கா உடனே கரண்டியால் வழித்து நடுவில் தள்ளினார். என்ன சொல்கிறார் என்று அப்புறம் கேட்டேன். கல்லில் கல் படும் சத்தம் கேட்டால் மசாலா ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது என்று அர்த்தமாம். டக் டக்கென்று இருந்தால் பேரரத்தை நார் இன்னும் மசியவில்லை. தொப் தொப்பென்று விழுந்தால் அடுத்ததைப் போடலாம். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து காதாலேயே சமைத்துக்கொண்டிருந்தார் அவர். மணம் போகாது, ருசி போகாது, கைபேசியில் போகக்கூடியது அந்தச் சத்தம் ஒன்றுதான். அன்றிலிருந்து நானும் கண்ணை மூடித்தான் இடிக்கிறேன். மிக்ஸிக்கு இப்படி ஒரு பேச்சு கிடையாது.

அன்று மதியம் எங்கள் வீட்டுக் கதவுக் கம்பியில் ஒரு பை தொங்கியது. லாப் என்ற கொத்திறைச்சி சாலட், ஒட்டரிசி, வாழையிலையில் கட்டிய சிவப்பு மசாலா. லாப்பின் மேலே தூவியிருந்தது வெறும் கடாயில் ஒட்டரிசியைக் கருஞ்சிவப்பாக வறுத்து இதே மாதிரிக் கல்லில் இடித்த பொடி. மறுநாள் எங்கள் மாங்காய்ப் பச்சடி அவர் கம்பியில் தொங்கியது. வருடாவருடம் இது தொடர்கிறது, இப்போது கையிலேயே கொடுத்துக்கொள்கிறோம்.

கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2022இல் கைமாறி, 2023 மே மாதத்தோடு கடைகள் காலியாயின. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இடிக்கமாட்டார்கள். ஆனால் அக்காவுக்கு வேண்டியது கட்டடம் இல்லையே. சில கடைகள் பக்கத்திலும் மற்ற பேட்டைகளிலும் திறந்தன. சாமான் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இசான் பேச்சு ஓரிடத்தில் கிடைப்பதில்லை. அந்த வருடம் அக்கா வீட்டு உலக்கைச் சத்தம் முன்பைவிட அதிகமாகக் கேட்டது. நான் எண்ணவில்லை, கீழ்வீட்டுக்காரர் எண்ணினார்.

ஆம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இதுதான் பெரிய குறை. கீழ்வீட்டிலிருந்து என் மேலும் இரண்டு முறை புகார் வந்தது. தீர்வு: ஈரத்துண்டை நாலாக மடித்து அடியில் போடுங்கள், அறை நடுவில் இல்லாமல் சுவரோரமாக வையுங்கள், இரவு எட்டுக்கு மேல் தொடாதீர்கள். மேடைமேல் வைத்து இடிக்காதீர்கள், என் மேடை ஓடு ஒன்று அப்படித்தான் போனது. இறால் விழுது வாசனை எத்தனை கழுவினாலும் மிச்சம் இருக்கும். அம்மா வெள்ளிக்கிழமை ரசத்துக்கு மிளகு தட்ட இதைத் தொடவே மாட்டார். மணிக்கட்டு வலி இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். வார நாட்களில் நானும் மிக்ஸிதான், மறைப்பானேன்.

ஒன்பது வருடத்தில் விளிம்பில் நகக்கண் அளவு ஒரு சில்லு போயிருக்கிறது. உள்ளே குழி வழவழப்பாகிவிட்டது, ஆனாலும் பிடிப்பு குறையவில்லை. வேறு சேதம் இல்லை.

போன வருடத்திலிருந்து அக்காவுக்கு வலது மணிக்கட்டு சரியில்லை. சனிக்கிழமைகளில் அவர் கடைக்கான சிவப்பு மசாலாவை என் உரலில் நான் இடித்துக் கொடுக்கிறேன். கைபேசி அதே மீன் சாஸ் பாட்டிலில் சாய்ந்திருக்கும். முதல் நாள் நான்கு இடிக்குள் அந்தம்மா வெற்றிலையை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். இது யார் கை என்றாராம். அக்கா சொன்னதும், "கின் காவ் லேவ் போ?" என்று என்னைக் கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். இடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் சாப்பிட்டவன் மாதிரி தெரியவில்லையாம்.